ரைட் சொல்வதற்கு முன்

புதன்கிழமை. கல்முனை ஆஸ்பத்திரி,
மேல்மாடியில் கடைசி அறை.
ஒன்பது பிளாஸ்டிக் கதிரை. ஒன்றுக்குக் கால் சரியில்லை,
பிந்திப் போகிற எனக்கு எப்போதும் அதுதான் மிஞ்சும்.

நிரோஜினி மிஸ் ஆளுக்கொரு பிளம்ஸ் தந்தா.
வட்டிலப்பத்துக்குப் போடுகிற அதே பிளம்ஸ்.
"முதல் முதல் காணுற மாதிரிப் பாருங்க" என்றா.
பார்த்தோம்.
சுருக்கம், சுருக்கத்துக்குள் ஒரு மினுக்கம்,
காம்பு இருந்த இடத்தில் ஊசிமுனைக் காயம்.
மீன்வாடி இஸ்மத் நானா அதற்குள் விழுங்கிவிட்டார்.
"மறுகா ஒண்டு தாங்க மிஸ்" என்று கை நீட்டினார்.
நாலு மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல்.

கல்முனை மட்டக்களப்பு பஸ்ஸில் கொண்டக்டர் நான்,
பதினேழு வருசம்.
பாண்டிருப்பு மருதமுனை நீலாவணை கல்லாறு என்று
வாய் தன்பாட்டில் ஓடும்,
மனம் எங்கோ சில்லறை எண்ணும்.
அப்படி ஒரு நாள், குருக்கள்மடத்தில்,
ஒரு கால் தரையில், ஒரு கால் படியில்,
கையில் முட்டைத் தட்டோடு ஒரு பெண்.
நான் பார்க்கவில்லை.
"ரைட்" என்றேன்.

சாகவில்லை. தொடையெலும்பு.
மூன்றாம் மாதம் ஊன்றுகோலோடு சந்தைக்கு வந்தவ
"உங்களில கோவமில்ல தம்பி" என்று சொல்லி அனுப்பினா.
அந்தச் செய்தி என் நெஞ்சுக்கு
இன்னும் வந்து சேரவில்லை.
ஓந்தாச்சிமடம் பாலம் ஏறும்போதே
விலாவுக்குள் யாரோ பெல் கயிறை இழுப்பார்கள்,
இழுத்தபடி விடமாட்டார்கள்.
ஈசிஜி நல்லது. இரத்தம் நல்லது.
இரவுக்கு ஒரு குளிசை எழுதிய டொக்டர்
அதைப் போட்டுக்கொண்டே புதன்கிழமையும் போகச் சொன்னார்.

மூன்றாம் வாரம், கண்ணை மூடுங்க என்றா மிஸ்.
மூடினால் முட்டை உடைகிறது,
முப்பதும், ஒவ்வொன்றாக.
எனக்கு முன்னால் பத்மலோசனி எழுந்தே விட்டா:
"மூச்சைப் பாக்கச் சொல்லாதீங்க.
தண்ணிக்குள்ள போன நான்."

மிஸ் கையிலிருந்த தாளை மடித்து வைத்தா.
"அப்ப கண்ணைத் திறந்தே வெச்சிருங்க.
மூச்சு வேணாம்.
கால் தரையில படுற இடம் போதும்."
எங்களில் பாதிப்பேர்
திறந்த கண்ணோடு, செருப்பைக் கழற்றிவிட்டு,
சீமெந்தின் குளிரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
வெளியே மீன்காரனின் ஹோர்ன். லுஹர் பாங்கு.
தகரத்தில் நடக்கும் காகம்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

இன்னொரு நாள், "எண்ணங்கள் பஸ் மாதிரி" என்றா.
"வரும், போகும். எல்லாத்திலயும் ஏற வேணாம்."
"மிஸ், நான் கொண்டக்டர்.
வாற எல்லாரையும் ஏத்துறதுதான் என்ட தொழில்."
சிரித்தா. பதில் சொல்லவில்லை.
பதில் இல்லாதது நல்லதாகத்தான் இருந்தது.

எட்டு வாரம் முடிந்தது. குணம் என்று சொல்லமாட்டேன்.
கயிறு இருக்கிறது.
இழுக்கும்போது "இழுக்குது" என்று எனக்குள் சொல்கிறேன்.
சில நாள் தளரும். சில நாள்
கல்லாற்றிலேயே இறங்கித் தேத்தண்ணிக் கடையில் குந்திவிடுவேன்,
டிரைவர் வசீகரன் திட்டிக்கொண்டே காத்திருப்பான்.

ஆனால் இறங்குகிறவர்களின் கால்களை இப்போது தெரியும் எனக்கு.
வெடித்த குதிகால். வார் பிய்ந்து ஊசி குத்திய செருப்பு.
பள்ளிக்கூடச் சப்பாத்தில் அவிழ்ந்து இழுபடும் நூல்.
மருதோன்றி பாதி வளர்ந்துபோன நகம்.

ஒரு கால்.
மற்றக் கால்.
உள்ளங்கையில் சில்லறையின் சூடு.

பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.